அவர் விட்டுக் கொடுத்த டிரா

பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சி நின்றபோது டிரில் மாஸ்டர் விசில் ஊதினார்.

சதுரங்கப் போட்டியில் விசில் ஊதும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. ஓமலூரிலிருந்து நடுவராக வந்திருந்த அந்த ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டருக்கு விசில் ஊதாமல் ஒரு விளையாட்டை முடித்துப் பழக்கமில்லை. அவ்வளவுதான். மண்டபத்தில் அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"டிரா," என்றார் அவர். "ரெண்டு பேரும் கை குடுத்துக்குங்க."

எதிரில் இருந்தவர் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். அவர் கை ஈரமாக இருந்தது. என் கை அதைவிட ஈரம். அந்தக் கையை நான் தொட்டுப் பல நாட்களாகியிருந்தன. இத்தனைக்கும் இருவரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தோம்.

எதிரில் இருந்தவர் என் வீட்டுக்காரர்.

ஆடி மாத மண்டபம்

சென்ற வாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, 'நீங்கள் செஸ் ஆடுவீர்கள் என்று கேள்விப்பட்டேனே, உங்கள் கணவர் உங்களுக்காக ஒரு ஆட்டத்தை விட்டுக் கொடுத்தாராமே' என்று எழுதிக் கேட்டிருக்கிறார். எத்தனை வருஷம் போனாலும் அந்தச் செய்திக்கு வயசாகவில்லை. சரி, இந்த வாரம் அதையே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. சேலத்தில் மாவட்டப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆடி மாதமாக இருந்ததால் மண்டபம் சும்மா கிடந்தது. சாப்பாட்டுக் கூடத்து நீள மேஜைகளில் காகிதத்தை விரித்துப் பலகைகளை வைத்திருந்தார்கள். எந்தக் கல்யாணத்து ரசமோ தெரியவில்லை, மரத்தில் ஊறிப்போய் வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே 'மணமகன் அறை' என்று அம்புக்குறி போட்ட தகடு.

போட்டிக்குப் பணம் கொடுத்து நடத்தியவர் ஒரு ஜவ்வரிசி ஆலை முதலாளி. ஊரில் எல்லோருக்கும் அவர் சேகோக்காரர். கபடி, கோலப்போட்டி, மாட்டுச் சந்தை எதுவானாலும் கோப்பை அவர் கொடுப்பதுதான். சதுரங்கம் அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை. வெள்ளை வேட்டி சட்டையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் "இப்ப யாருங்க முந்தி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

கடைசிச் சுற்றில் நானும் என் வீட்டுக்காரரும் மோத வேண்டும் என்று தெரிந்ததும் சேகோக்காரர்தான் முதலில் சிரித்தார்.

"ஆடியில புருஷன் பொஞ்சாதியப் பிரிச்சு வெப்பாங்க. நீங்க இவிங்கள எதுத்தாப்பல உக்கார வெச்சுப்போட்டீங்களே மாஸ்டரே."

மண்டபமே சிரித்தது. நாங்கள் இருவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

லாரியில் வந்த பலகை

எதனால் பேசிக்கொள்ளவில்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாமக்கல் பக்கம் எங்கள் அப்பாவுக்கு ஒரு லாரி இருந்தது. நாக்பூர் வரைக்கும் அவரே ஓட்டிக்கொண்டு போவார். ஒரு தடவை லோடு கிடைக்காமல் அங்கே வாரக்கணக்கில் கிடந்தபோது, பொழுது போகாமல் வாங்கியது ஒரு சதுரங்கப் பெட்டி. வரும்போது ஆரஞ்சுப் பழமும் அந்தப் பெட்டியும் கொண்டு வந்தார். பழம் அன்றே தீர்ந்தது. பெட்டி என் கல்யாணம் வரை இருந்தது.

அப்பா கற்றுக்கொண்டு வந்தது பழைய நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்வில்கூட ஒரே கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாண்டலாம். ராணி என்று ஒன்று கிடையாது. அதை மந்திரி என்றுதான் சொல்வோம். அந்த மந்திரியை வைத்துக்கொண்டு நானும் அக்காவும் அப்பாவைத் தோற்கடித்தோம். பிறகு அப்பாவின் கிளீனரை. பிறகு எங்கள் தெருவுக்கு வந்து போன உரக்கடைக்காரரை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்துச் சேலத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கினேன். அடுத்த வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை குமரேசன், அஸ்தம்பட்டிக்காரர், நில அளவைத் துறையில் சர்வேயர். பெண் பார்க்க வந்தபோது, "பையன் செஸ்சுல ஜில்லா சாம்பியன்" என்று அவர் வீட்டார் சொன்னார்கள். "எங்க புள்ளையும் ஆடுமுங்க," என்று அப்பா சொன்னார். வந்தவர்கள் அதைச் சமையல், பாட்டு என்று அடுக்குவதில் ஒன்றாக எடுத்துக்கொண்டு காபியைக் குடித்தார்கள்.

கல்யாணமான புதிதில் நாங்கள் ஆடிய முதல் ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. அவர் செக் வைக்க வந்தார். நான் என் ராஜாவைக் குதிரைபோல் தூக்கி மூலைக்குத் தாண்ட வைத்தேன். அவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என்ன?"

"ஒரு தடவை தாண்டலாமுங்க."

"எந்த ஊர்ல?"

"எங்கூர்ல."

அன்றைக்கு அவர் எனக்குச் சர்வதேச விதிகளைச் சொன்னார். சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம். ராஜாவும் யானையும் சேர்ந்து இடம் மாறலாம். என் மந்திரியின் பெயர் ராணி. அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது மொத்தம் இவ்வளவுதான். ஒரு மாதத்தில் நான் அவரை ஜெயிக்க ஆரம்பித்தேன். இரண்டில் ஒரு ஆட்டம் அவருக்கு, ஒன்று எனக்கு. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஜோடியாக ஆட ஆள் கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது.

அப்படியே இருந்திருக்கலாம். மாவட்டப் போட்டிக்கு முன்னால் ஒரு பத்திரிகை நிருபர் வீட்டுக்கு வந்தார். நான் வேலையில் இருந்தேன். மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது: 'சாம்பியன் குமரேசனிடம் பயின்ற அவரது மனைவி ருக்குமணியும் இம்முறை களத்தில்.'

பேப்பரை மடித்து அவர் முன்னால் வைத்தேன். "உங்ககிட்டப் பயின்றேனா?"

"அவரு கேட்டாரு, யாரு கத்துக் குடுத்தான்னு. ரூல்ஸ் நான்தானே சொல்லிக் குடுத்தேன்?"

"ரெண்டு ரூல்ஸ்."

"அதத்தான் சொன்னேன். அவரு அப்படி எழுதிட்டாரு."

"அப்ப இல்லைன்னு எழுதிப் போடச் சொல்லுங்க."

"இதுக்கெல்லாம் போயி எழுதிப் போடச் சொல்ல முடியுமா ருக்கு?"

அதோடு பேச்சு நின்றது. சாப்பாட்டுக்கு வரச் சொல்வதும் குடை எங்கே என்று கேட்பதும் எங்கள் மகள் செல்வி வழியாக நடந்தது. அவளுக்கு அப்போது நாலு வயசிருக்கும். "அப்பா, சோறு ஆறுதாம், உனக்கு என்ன கொழுப்பாம்," என்று நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். சில நேரம் நான் நினைத்ததைத்தான் சேர்த்திருப்பாள்.

"அவங்களக் கேளுங்க"

கடைசிச் சுற்றுக்கு வரும்போது இருவரும் சம புள்ளியில் முன்னணியில் இருந்தோம். மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். ஜெயிப்பவர்தான் மதுரையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு மாவட்டத்தின் சார்பில் போக வேண்டும். ஒரே இடம்தான்.

அவர் முன்பே போய் வந்தவர். நான் அதுவரை ஒரு ஊரிலும் தனியாக ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். அவருக்கும் வேண்டும். வீட்டில் உப்புக்கும் புளிக்கும் விட்டுக் கொடுப்பதெல்லாம் வேறு. பலகைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதை அவரும் நானும் சொல்லாமலே புரிந்துகொண்டிருந்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் மிக நல்ல அம்சம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு வெள்ளைக் காய்கள். முதல் பாதி ஆட்டம் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஒரு கட்டத்தில் அவர் நிமிர்ந்து டிரில் மாஸ்டரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"டிராவுக்குச் சம்மதமான்னு கேளுங்க."

"யாரைங்க?"

"அவங்கள."

டிரில் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, எதுத்தாப்பலதான உக்காந்திருக்காங்க. நீங்களே கேக்கறதுதான?"

"நீங்க கேளுங்க மாஸ்டர்."

அவர் குனிந்து என் காதருகே வந்தார். விசில் என் தோளில் இடித்தது. "சார் டிரா கேக்கறாருங்கம்மா."

"வேண்டாம்னு சொல்லுங்க," என்றேன்.

"வேண்டாமாங்க," என்றார் அந்தப் பக்கம் போய்.

முதல் வரிசையில் இருந்த சேகோக்காரருக்கு இவ்வளவும் தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. நடுவர் அந்தக் காதிலும் இந்தக் காதிலும் மாறி மாறி ரகசியம் பேசுகிறார். வேறென்ன நினைக்க முடியும்? அவர் பக்கத்தில் இருந்தவரிடம், "என்னமோ பேசி முடிக்கறாங்க," என்றாராம். பிறகு கேள்விப்பட்டேன்.

நான் மறுத்ததில் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் அவர் காது மடல் சிவக்கும். அடுத்த நகர்வை யோசிக்காமல் வைத்தார். ஓரத்தில் ஒரு சிப்பாய்க்குக் காவல் இல்லாமல் போனது. என் குதிரை போய் அதை எடுத்தது. எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அவர் ஆடிய ஆட்டத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு சிப்பாய் குறைவான நிலையில் அவர் ஒவ்வொரு கட்டமாக வழி மறித்தார். நான் ஒரு கதவைத் திறந்தால் அதற்குள் யானையை நிறுத்துவார். நான் சுற்றிக்கொண்டு போனால் ராஜாவையே கொண்டு வந்து முன்னால் நிற்க வைப்பார். மின்விசிறி ஒன்று கிரீச்சென்று சத்தம் போட்டபடி சுற்றியது. யாரோ கொண்டு வந்து வைத்த கலர் பாட்டிலில் குமிழி அடங்கி, எறும்பு ஏறி, அதுவும் போய்விட்டது. நாங்கள் தொடவில்லை.

கடைசியில் என்னிடம் ஒரு யானை, ஒரு சிப்பாய். அவரிடம் ஒரு யானை. என் சிப்பாய் போகும் வழியிலிருந்து அவர் ராஜாவை என் யானை தள்ளி நிறுத்தி வைத்திருந்தது. பொறுமையாக ஆடினால் வெற்றி எனக்குத்தான். அவருக்கு அது தெரிந்துவிட்டது. அவர் கை ராஜாவை நோக்கிப் போனதைப் பார்த்தேன். தோல்வியை ஒப்புக்கொள்கிறவர்கள் ராஜாவைச் சாய்த்துவிடுவார்கள். அவர் விரல் அதன் தலைக்கு அருகில் போய், நின்று, திரும்பி வந்தது.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று என் யானையை அவர் யானைக்கு நேரே கொண்டு நிறுத்தினேன். அவர் வெட்டினார். நான் ராஜாவால் வெட்டினேன். வெட்டிய பிறகு பார்த்தால், வெட்டப் போன இடத்திலிருந்து என் சிப்பாயிடம் திரும்பி வர எனக்கு ஒரு நகர்வு போதவில்லை. தடுத்து வைத்த யானையும் இப்போது இல்லை. அவர் ராஜா வந்து என் சிப்பாய்க்கு முன்னால் நின்றுகொண்டது. எவ்வளவு முயன்றும் அதை நகர்த்த முடியவில்லை. கடைசியில் அந்தச் சிப்பாயும் போனது.

இரண்டு ராஜாக்கள். விசில்.

காசு சுண்டியது

சேகோக்காரர் எழுந்து மேஜைக்கு அருகில் வந்து பலகையை உற்றுப் பார்த்தார்.

"மீதியெல்லாம் எங்கீங்க?"

"எல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சுங்க," என்றார் டிரில் மாஸ்டர். "ரெண்டு பேரும் சமம்."

"காத்தால இருந்து ஆடி, எல்லாத்தையும் தின்னுபோட்டு, ரெண்டு பேரும் ஜெயிக்கலீங்களா? அப்பறம் கோப்பைய யாருக்குக் குடுக்கறது?"

டிரில் மாஸ்டர் சமப் புள்ளியைப் பிரிக்க ஒரு கணக்கு உண்டு என்று சொல்லி, தாளில் போட்டுப் பார்த்தார். அதிலும் சமம். சேகோக்காரருக்கு அலுத்துவிட்டது. கோப்பையை எங்கள் இருவர் கையிலும் சேர்த்துக் கொடுத்தார். "ஒரே ஊட்டுக்குத்தான போகுது." பிறகு மதுரைக்குப் போகும் இடத்துக்காக மடியிலிருந்து ஒரு காசை எடுத்தார். "சார், நீங்க கேளுங்க. தலையா பூவா?"

"பூ," என்றார் என் வீட்டுக்காரர்.

தலை விழுந்தது.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒருவர் தெளிவாகச் சொன்னார்: "வேணும்னேதான் பூ கேட்டாரு. மனுசன் தங்கம்."

சேகோக்காரர் என் வீட்டுக்காரர் தோளில் தட்டினார். "எனக்கு அப்பவே தெரியுமுங்க. பொஞ்சாதிக்கு உட்டுக் குடுத்துப்போட்டீங்க. நல்ல மனசு."

"இல்லீங்க," என்றார் இவர். "நான் தோத்துட்டு இருந்தேன். அவதான் யானைய மாத்துனா, அதனால தப்பிச்சேன்."

"பாத்தீங்களா," என்றார் சேகோக்காரர் கூட்டத்தைப் பார்த்து. "அதையும் ஒத்துக்க மாட்டேங்கறாரு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. பலகையை எடுத்து வைத்து, அந்த இரண்டு யானைகளையும் ஒரு சிப்பாயையும் இரண்டு ராஜாக்களையும் இருந்த இடத்தில் நிறுத்தினார். செல்வியைக் கூப்பிடவில்லை. நேராக என்னிடமே கேட்டார்.

"யானைய எதுக்கு மாத்துன?"

"அவசரப்பட்டுட்டேனுங்க."

"அத மாத்தாம, ராஜாவ ஒரு கட்டம் முன்னால வெச்சிருந்தா நான் காலி. நான் பாத்துட்டேன். எங்க நீயும் பாத்துருவியோன்னு உன் கண்ணையே பாத்துட்டிருந்தேன்."

அதை எனக்கு ஆடிக் காட்டினார். அவர் தோற்கும் வழியை அவரே நகர்த்தி நகர்த்திக் காட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பேப்பர் விஷயத்தை நாங்கள் அதன் பிறகு பேசவில்லை. பேசாமலே அது தீர்ந்துவிட்டது.

மூன்று நிமிடம்

வீட்டில் தீர்ந்தது. ஊரில் ஆரம்பமானது.

அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததா என்று பார்க்க ஆபரேட்டர் ஒரு கணம் கேட்பது உண்டு. கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும், அதுதான் முறை. ஒரு நாள் ஈரோட்டுக்கு ஒரு ஜவுளிக்காரரை இணைத்துவிட்டுக் காதில் வைத்தால், அவர் நூல் விலையைச் சொல்லி முடித்து, "அப்பறம் கேட்டீங்களா, செஸ்சுல ஒரு சர்வேயரு ஊட்டுக்காரம்மாவுக்கு உட்டுக் குடுத்துப்போட்டாராம். இந்தக் காலத்துல யாரு இருக்கறா அப்படி," என்கிறார்.

மூன்று நிமிடம் ஆனதும் நினைவூட்ட வேண்டியது எங்கள் வேலை. தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்பின் விடுவோம். அன்றைக்கு அவருக்கு நான் விடவில்லை.

என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லாமல் இருக்கவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். சலூனில் சொன்னார். ஆபீசில் சொன்னார். டீக்கடையில் சர்க்கரை டப்பாவையும் கிளாசையும் யானைகளாக வைத்து, "இதப் பாருங்க, இங்க நான் செத்துட்டேன்," என்று விளக்கினார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். "உங்க மாதிரி மனசு யாருக்குங்க வரும்," என்றார்கள். அவர் எவ்வளவுக்கு எவ்வளவு மறுத்தாரோ, அவ்வளவுக்கு அவர் பெயர் உயர்ந்தது. பொய் சொல்லியிருந்தால்கூட இரண்டு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

உச்சமாக ஒரு மாதர் சங்கத்திலிருந்து வந்தார்கள். 'இல்லறத்தில் விட்டுக் கொடுத்தல்' என்ற தலைப்பில் அவர் பேச வேண்டுமாம். என்னையும் அழைத்தார்கள், அவர் பக்கத்தில் உட்கார்வதற்கு. மேடையில் மைக்கைப் பிடித்து அவர் சொன்னார்: "நான் விட்டுக் குடுக்கலீங்க. டிரா கேட்டேன், மறுத்துட்டாங்க. ஜெயிச்சிருக்க வேண்டியது அவங்கதான்." பலத்த கைதட்டல். மாலை போட்டார்கள். தலைவி அம்மாள் என் பக்கம் குனிந்து, "குடுத்து வெச்சவங்கம்மா நீங்க," என்றார். அவர் கண்ணில் தண்ணீர்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"நான் இன்னும் எப்படிச் சொல்றது ருக்கு?"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செய்யாத நல்ல காரியத்துக்காக ஒரு மனிதன் அவ்வளவு அவதிப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் மாலை அவருக்குத்தானே விழுந்தது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது.

மதுரைக்குப் போனது

மதுரைக்குப் போனேன். தனியாக. விடுதி அறையில் முதல் நாள் கதவைத் தாழிட்டு, அதன் மேல் நாற்காலியையும் சாய்த்து வைத்தேன். காலையில் எழுந்து என்ன சமைப்பது என்று யோசிக்காமல் பலகைக்கு முன்னால் போய் உட்காரும் சுகம் எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது. பிரமாதமாக ஒன்றும் செய்யவில்லை. பட்டியலில் நடுவே எங்கோ வந்தேன். ஒரு பெரிய ஆட்டக்காரரை மட்டும் யானைகள் மிஞ்சிய கடைசிக் கட்டத்தில் ஜெயித்தேன். யானையை மாற்றாமல்.

முதல் சுற்றில் எதிரில் உட்கார்ந்த சென்னைக்காரர் கைகொடுத்துவிட்டுக் கேட்டார்: "சேலமா? உங்க ஹஸ்பெண்ட் உங்களுக்காக விட்டுக் கொடுத்தாராமே?" அந்த ஆட்டத்தை அவர் சீக்கிரமே தோற்றார்.

அடுத்த மாவட்டப் போட்டியில் நானும் இவரும் மறுபடி மோதினோம். இவர் சுத்தமாக ஜெயித்தார். நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர் சொன்னது: "போன தடவை உட்டுக் குடுத்தாரு. இந்தத் தடவை யாருன்னு காட்டிப்போட்டாரு."

அதற்குப் பிறகு சில வருஷங்கள் எங்கள் இருவருக்கும் ஒரே போட்டியில் ஜோடி விழவில்லை. செல்வி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, வளர்ந்து, எங்களை ஏளனம் செய்யும் வயசுக்கும் வந்துவிட்டாள்.

நாமக்கல்லில்

எண்பதுகளின் நடுவில் நாமக்கல்லில் ஒரு போட்டி. இறுதிச் சுற்றில் மறுபடியும் நாங்கள். அவர் தலையில் நரை, எனக்குக் கண்ணாடி. அன்று நான் ஆடியதுதான் என் வாழ்க்கையில் நான் ஆடிய மிக நல்ல ஆட்டம். ஆரம்பத்திலேயே ஒரு பிஷப்பைப் பலி கொடுத்து, அவர் ராஜாவை வெளியே இழுத்து, கட்டம் கட்டமாகத் துரத்தினேன். அவர் எல்லா வழியும் பார்த்தார். காது மடல் சிவந்தது. ஒரு வழியும் இல்லை. கடைசியில் தன் ராஜாவை மெதுவாகச் சாய்த்துவிட்டு, பலகைக்கு மேலாகக் குனிந்து, "இத எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டார். சந்தோஷமாகத்தான் கேட்டார். அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

பரிசு கொடுக்க வந்திருந்தவர் சேகோக்காரர். அவருக்கும் வயசாகிவிட்டது, கைத்தடி வந்துவிட்டது. சதுரங்கம் மட்டும் இன்னும் தெரியாது. என் கையில் கோப்பையைக் கொடுத்தார். ஆனால் பேசியது இவரிடம்.

"மறுபடியும் உட்டுக் குடுத்துப்போட்டீங்களா சார்? உங்க மனசு உங்க மனசுதானுங்க."

நான் இவரைப் பார்த்தேன். வழக்கம்போல் 'இல்லீங்க' என்று ஆரம்பிப்பார், சர்க்கரை டப்பா இல்லாவிட்டாலும் கைக்குட்டையை வைத்தாவது விளக்குவார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தார். சேகோக்காரரின் சிரித்த முகத்தைப் பார்த்தார். பின்னால் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து ஆடித் தோற்ற களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

"ஆமாங்க," என்றார்.

எத்தனையோ வருஷம் எல்லோரிடமும் உண்மையைச் சொன்ன மனிதர், நான் அவரை நூற்றுக்கு நூறு ஜெயித்த அன்றைக்குப் போய் 'ஆமாங்க' என்றார்.

பஸ் நிலையம் வரைக்கும் நான் முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

"ருக்கு, எத்தன வருஷத்துக்குத்தான் இல்ல இல்லன்னு சொல்றது?" என்றார் பின்னால் வந்தபடி. "சொன்னா மட்டும் நம்பறாங்களா? அந்த மனுசனுக்குக் கால் வலிக்குது, நிக்க முடியல. ஆமான்னா உட்டுருவாருன்னு சொன்னேன்."

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு சேலமுங்களா?" என்றார்.

"ஒண்ணு," என்றேன். "அவருக்கு அவரு வாங்கிக்குவாரு."

கண்டக்டர் எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். என் முகத்தையும் மடியில் இருந்த கோப்பையையும் இவர் முகத்தையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பரிவோடு சொன்னார்.

"நீங்களே உட்டுக் குடுத்துப் போயிருங்க சார்."

இவர் சட்டைப் பையைத் துழாவினார். சில்லறையை எடுத்து நீட்டினார். நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு வந்தால் கோபம் போய்விடும். அவ்வளவு சுலபத்தில் அதை விட நான் தயாராக இல்லை.

பாதி வழி, ராசிபுரம் வரைக்கும் தாங்கியது.